மச்சாளின் பக்கம்

என் மச்சாள் என்னோடு கதைத்த அளவுக்கு அந்த வீட்டில் வேறு யாரும் என்னோடு கதைத்ததில்லை. என்மேல் இருந்த பிரியம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் பெருமைப்பட முடியாது. அவர் தன் தம்பியோடு கதைப்பதில்லை. தம்பி என்றால் என் கணவர். தம்பிக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து என்னிடமே சொன்னார். இவரும் அப்படித்தான். கலியாணம் முடிந்து பருத்தித்துறைக்கு வந்த முதற் கிழமையே எனக்கு இரண்டு பேரின் கதையும் வந்து சேரத் தொடங்கிவிட்டது.

"பிள்ளை, உவருக்குச் சொல்லும், கடைத் திறப்பு மேசையிலை கிடக்குதெண்டு."

இவர் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்பார். திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"எடுத்திட்டன் எண்டு சொல்லும்."

நான் சொல்வேன். மச்சாள் அதை அப்போதுதான் கேட்பது போலத் தலையாட்டுவார்.

மச்சாள் கடைசித் தங்கையோடு இருக்கவென்று கனடாவுக்குப் போய்க் கன காலம் ஆகிவிட்டது. இப்போதும் யாராவது என்னிடம் ஒரு செய்தியைக் கொடுத்து "சொல்லிவிடும்" என்றால், எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

ஏன் இப்படி என்று இவரைக் கேட்டேன். "எனக்கெங்கை தெரியும்? அக்காவைத்தான் கேக்க வேணும்" என்றார். மச்சாளைக் கேட்டேன்.

"கோபமோ மச்சாள்?"

"கோபம் என்னத்துக்குப் பிள்ளை? வாயை மூடச் சொன்னவர். மூடியிருக்கிறன்."

நடந்தது இதுதான். அவர்களுக்குக் கடற்கரை வீதிப் பக்கம் ஒரு கொமினிக்கேசன் இருந்தது. போட்டோப் பிரதி, தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புதல், திருமண அழைப்பு, மரண அறிவித்தல் எல்லாம் அங்கே நடக்கும். தகப்பன் தட்டச்சு யந்திரத்தோடு தொடங்கிய கடையைப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். மச்சாள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதோடு நிற்பதில்லை. கடவுச்சீட்டு எடுக்க வந்த ஒருவரை இருத்தி வைத்து, மகனை முகவருக்கூடாக வெளியில் அனுப்புவது ஏன் புத்தியில்லாத வேலை என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் சனம் சேர்ந்துவிட்டது. இவர் பொறுமையிழந்து, "சனம் நிக்குது அக்கா, கொஞ்சம் வாயை மூடுங்கோ" என்றாராம். பின்னேரம் ஆவதற்குள் இவர் அதை மறந்துவிட்டார். மச்சாள் மறக்கவில்லை. "கொஞ்சம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மிகுதியை அப்படியே கடைப்பிடித்தார்.

யாராவது எதையாவது செய்யச் சொன்னால் மச்சாள் எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். செய்வார். சொன்னவர் "போதும், தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று வந்து நிற்கும் வரைக்கும் செய்வார். பெரும்பாலும் அப்படி யாரும் வருவதில்லை. காரணம், தாங்கள் சொன்னதே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. சந்நிதி கோயில் திருவிழாவில் ஒரு தொண்டர் பெடியன், "அம்மா, உந்தப் பக்கம் நிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு எந்த வருடம் போனாலும் மச்சாள் அந்தப் பக்கம் நிற்கவில்லை. தேர் அந்தப் பக்கமாக வந்தால் இந்தப் பக்கம் நின்று அதன் பின்புறத்தைக் கும்பிட்டார். ஒரு கண்டக்டர் "பின்னுக்குப் போங்கோ" என்று கத்தியதிலிருந்து யாழ்ப்பாண பஸ்ஸில் கடைசி ஆசனம்தான். முழு பஸ்ஸும் வெறுமையாகக் கிடந்தாலும் கடைசி ஆசனம்தான். பக்கத்தில் இருக்கும் என்னை பஸ் தூக்கித் தூக்கிப் போடும்போது நான், "முன்னுக்குப் போவம் மச்சாள்" என்றால், "அந்தத் தம்பி பின்னுக்கெண்டெல்லோ சொன்னவன்" என்பார். அந்தத் தம்பி அதற்குள் வேலையை விட்டு வெளிநாடு போயிருப்பான்.

கீழ்ப்படிவதால் ஒரு மனிதரை இவ்வளவு வதைக்கலாம் என்று நான் அங்கே வந்துதான் அறிந்தேன்.

கடையில் முதலில் இரண்டு கணினிகள் இருந்தன. கடற்காற்றில் இரும்பே கரையும் ஊர் அது. ஒன்று உள்ளுக்குள் துருப்பிடித்துச் செத்தது. மிஞ்சிய ஒன்றை, காலையில் இவரும் பின்னேரத்தில் மச்சாளுமாகப் பாவிப்பதென்று என் மூலமாக முடிவாகியது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. மச்சாள் தகப்பனிடம் பழகிய தட்டச்சு முறையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர். இவர் ஆங்கில எழுத்தை அமத்தினால் தமிழ் வருகிற புது முறைக்காரர். மச்சாள் பின்னேரம் விசைப்பலகையைத் தன் முறைக்கு மாற்றிவிட்டுப் போவார். காலையில் இவர் "சிவமயம்" என்று அடித்தால் திரையில் பேய் பிடித்த எழுத்துகள் வரும். இவர் மாற்றுவார். பின்னேரம் மச்சாளுக்கு அதே பேய் வரும். இரண்டு பேரும் என்னிடம் முறையிடுவார்கள்.

நான் அப்போது உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு பயனர் கணக்குத் திறந்து கொடுத்தேன். சுலபமான வேலை. மச்சாள் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உது சரிவராது பிள்ளை. போட்டவுடனை அவரின்ரை பேரும் படமும் வந்து நிக்குது. அவரைத் தாண்டியோ நான் என்ரை வேலைக்குப் போறது?"

"பேரை அழுத்த வேண்டாம் மச்சாள், உங்கடையை அழுத்துங்கோ."

"பாக்கிறது பாக்கிறதுதானே."

அதனால்தான் ஒரே கணினிக்குள் இரண்டு இயங்குதளம் போடுவதென்று தீர்மானித்தேன். இவருக்கு ஏற்கெனவே இருந்த விண்டோஸ். மச்சாளுக்கு லினக்ஸ். கணினியைப் போட்டதும் இரண்டில் எது வேண்டுமென்று மட்டும் கேட்கும். ஒருவரின் வீட்டுக்குள் மற்றவர் போகவே தேவையில்லை. மச்சாளுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை என்று கேள்விப்பட்டதும் இன்னும் பிடித்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பழைய கணினியின் வன்தட்டை நாலு பகுதிக்கு மேல் பிரிக்க முடியாது. கடைக்காரர் விற்கும்போதே நாலாகப் பிரித்துத்தான் விற்றிருந்தார். முதலாவது, கணினி தொடங்குவதற்கு வேண்டிய சின்னத் துண்டு. இரண்டாவதில் விண்டோஸ். மூன்றாவதில் கடையின் வேலைகள். நாலாவது, ஏதும் பிழைத்தால் வாங்கிய நாளில் இருந்தபடி எல்லாவற்றையும் திருப்பி ஆக்குவதற்கென்று ஒதுக்கிய பகுதி. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஒன்று போக வேண்டும். இதை நான் இருவரையும் கடையில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினேன். மச்சாள் சுவரைப் பார்த்தபடியும் இவர் வீதியைப் பார்த்தபடியும் கேட்டார்கள்.

"அந்த நாலாவது என்னத்துக்கெண்டு சொன்னீர்?" என்றார் மச்சாள்.

"எல்லாத்தையும் முந்தின மாதிரி ஆக்கிறதுக்கு."

"முந்தின மாதிரி ஆக இஞ்சை ஆர் கேட்டது? அதை அழிச்சுப்போடும்."

இவரும் வீதியைப் பார்த்தபடியே தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனதை நான் கண்டது அன்றுதான் முதல் தடவை.

அழித்த இடம் போதாது. இவருடைய பக்கத்தைச் சுருக்கி மச்சாளுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் வேலிக் கதியாலை ஒரு அடி தள்ளி நட்டதற்காக வழக்காடிய சகோதரர்களை நான் கண்டிருக்கிறேன். அதனால் இதைக் கேட்கப் பயந்தேன். தனியாக இவரிடம் கேட்டேன்.

"அக்காவுக்குக் கூட இடம் குடும். அவதான் செத்தவீட்டுக் கல்வெட்டு அடிக்கிறவ, படங்கள் கன இடம் பிடிக்கும்" என்றார்.

மச்சாளிடம் கேட்டேன்.

"எனக்குச் சின்னத் துண்டு காணும். உவருக்குக் கலியாண வீட்டுப் படம், வீடியோ எண்டு எல்லாம் வரும். நெருக்கப்படுத்தாதேயும்."

இப்படியே அங்கும் இங்கும் நடந்தேன். ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க நடுவில் யாருக்கும் இல்லாமல் ஒரு பெரிய இடம் கிடந்தது. கடைசியில் நானே இருவருக்கும் பொய் சொல்லி, பாதிக்குப் பாதி பிரித்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் பேய் எழுத்துத் தொல்லை இல்லை. முறைப்பாடும் இல்லை. இன்னொரு அதிசயமும் நடந்தது. இவருக்கு எழுத்துப்பிழை இல்லாமல் தமிழ் எழுத வராது. லகர ளகரமும் றகர ரகரமும் இவரிடம் அகப்பட்டால் இடம் மாறித்தான் வெளியே வரும். அந்த மனிதருடைய அறிவித்தல்கள் திடீரென்று சுத்தமாக வரத் தொடங்கின. மதியம் அரைகுறையாக விட்டுப்போனது மறுநாள் காலையில் பிழை நீங்கி இருந்தது.

"இப்ப விண்டோசுக்கு நல்லாத் தமிழ் தெரியுது. அண்டைக்கு ஏதோ அப்டேட் வந்ததெல்லோ, அதோடைதான்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். நானும் அது இருக்கலாம் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் மச்சாள் என்னைக் கூப்பிட்டார். முகம் கடுமையாக இருந்தது.

"பிள்ளை, உவருக்குச் சொல்லும், போகேக்கை கணினியை ஒழுங்காய் நிற்பாட்டிப்போட்டுப் போகச் சொல்லி. அரைத் தூக்கத்திலை விட்டிட்டுப் போறார்."

நான் போய் அப்படியே சொன்னேன். இவர் யோசித்தார்.

"என்ரை பக்கம் அரைத் தூக்கத்திலை கிடந்தால் அக்காவுக்கு என்ன?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. விண்டோசிலிருந்து பார்த்தால் லினக்ஸ் இருக்கும் பகுதிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. லினக்சிலிருந்து பார்த்தால் விண்டோசின் பகுதி முழுவதும் தெரியும், திறக்கலாம், திருத்தலாம். ஆனால் விண்டோசைச் சரியாக நிற்பாட்டாமல் விட்டால் திறந்து வாசிக்கலாமே தவிர ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. மச்சாள் இத்தனை நாளும் பின்னேரங்களில் தம்பியின் பக்கத்துக்குள் போய் அவருடைய பிழைகளைத் திருத்திவிட்டு வந்திருக்கிறார். இப்போது சில நாட்களாகப் பிழைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, கை வைக்க முடியவில்லை. அந்த வேதனைதான் முகத்தில்.

லினக்சிலிருந்து இவருடைய பக்கத்தையும் திறக்கலாம் என்று சொன்னேன். இவர் மெல்லக் கேட்டார்:

"அப்ப றகரம் எல்லாம் நீரோ திருத்தினது?"

"நானில்லை."

"விண்டோசும் இல்லை?"

"இல்லை."

கொஞ்ச நேரம் மேசையில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒழுங்காய் நிற்பாட்டிற மாதிரிச் செய்து தாரும்" என்றார். செய்து கொடுத்தேன். "செய்திட்டன் எண்டு சொல்லும்" என்று இவர் சொல்லவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். இவருடைய எழுத்தைத் திருத்த வேண்டுமானால் இவருடைய முறையில் அடிக்கத் தெரிய வேண்டும். சாகும் வரைக்கும் தொடேன் என்று மச்சாள் சொன்ன அந்தப் புது முறையை யாருக்கும் தெரியாமல் பழகியிருந்தார். ஆக, கணினியை இரண்டாகப் பிரிப்பதற்கு இருந்த முதற் காரணமே போய்விட்டது. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கடை அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் காலையில் பாதியில் விட்டதை மச்சாள் பின்னேரம் முடித்தார். ஒரு வார்த்தை இல்லாமல் இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள்.

கெடுத்தது இடநெருக்கடிதான். இவருடைய பக்கம் கலியாண வீட்டுப் படங்களால் நிரம்பிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் நின்ற ஒரு காலை இவர் தானாகவே வன்தட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். அதில் பெயரும் இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறதென்றும் காட்டாமல் ஒரு பெரிய துண்டு கிடந்தது. நான் பிரித்தபோது மிச்சம் விட்ட இடம் என்று நினைத்து அதை அழித்தார். அதோடு நிற்காமல் புதிதாக உருவாக்கி, ஒரு கலியாண வீட்டை முழுதாக அதற்குள் இறக்கியும் விட்டார். நண்பகலில் கரண்ட் போய் வந்தது. திரும்பப் போட்டபோது கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. அப்படியொரு பகுதி இல்லை என்பது அதன் பொருள்.

நான் வந்தபோது இவர் கடை வாசலில் நின்றார்.

"அக்காவின்ரை பக்கத்தை அழிச்சுப்போட்டன்."

மீட்க முடியுமா என்று பார்த்தேன். மேலே ஒரு கலியாண வீடு ஏறி இருந்தது. பழையபடி ஆக்கும் பகுதியை நாங்களே விருப்பத்தோடு அழித்திருந்தோம். விண்டோசை மட்டும் ஒரு பென்டிரைவை வைத்து எழுப்ப முடிந்தது. மச்சாளின் எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. அதில் தொண்டைமானாற்றில் இறந்த ஒரு படகுக்காரரின் கல்வெட்டும் இருந்தது. கல்வெட்டென்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய உறவினருக்குக் கொடுக்கும் நினைவுமலர். அந்தியேட்டி மறுநாள். படகுக்காரரின் மகள் வந்து கடை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அச்சுக்கு அன்றே போக வேண்டும்.

மச்சாள் வந்தார். நான் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார், அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, நீர் கையாலை எழுதின தாள் இருக்கெல்லோ? தாரும்" என்று அவளிடம் கேட்டார்.

தாளை வாங்கிக்கொண்டு இன்னொரு கதிரையை இழுத்துக் கணினிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். ஒருவரே வாசித்து அடித்தால் முடியாது, நேரம் இல்லை. இவர் விசைப்பலகைக்கு முன்னால் இருந்தார். மச்சாள் தாளை உயர்த்திப் பிடித்து, செய்தி வாசிப்பவர் போல் தொடங்கினார்.

"அன்னார் அமரர்களான பெற்றோரின் அன்பு மகனும், கமா."

இவர் அடித்தார்.

"பாசமிகு சகோதரனும்."

விசைச் சத்தம் நின்றது.

"பாசமிகு சகோதரனும்… பிறகு?" என்றார் இவர், திரையைப் பார்த்தபடி.

"கமா" என்றார் மச்சாள்.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "கண்ணீர், மூண்டு சுழி" என்று மச்சாள் சொல்ல, "மூண்டு சுழியோ?" என்று இவர் கேட்க, "மூண்டு சுழி" என்று அவர் திரும்பச் சொன்னார். கடை பூட்டும் நேரத்துக்குள் மலர் முடிந்தது. பிள்ளை கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாளைப் பிடித்தேன்.

"கதைச்சிட்டியள்!"

"ஆர் கதைச்சது? செத்த மனிசன்ரை சீவியத்தை வாசிச்சன். அதிலை என்ரை சொல் ஒண்டும் இல்லை."

அவருடைய பக்கத்தைத் திரும்ப உருவாக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "இருக்கிற இடம் உவருக்கே காணாது. எனக்கு இப்ப எழுத்தும் மங்கல். நான் வாசிக்கிறன், உவர் அடிக்கட்டும்." அப்படியே ஆகியது. அதன் பிறகு அவர்கள் ஒன்றாகவே வேலை செய்தார்கள். அடுத்தவரின் சொல்லை மட்டும் மச்சாள் தம்பிக்குச் சொன்னார். விண்ணப்பம், முறைப்பாடு, அழைப்பு, அனுதாபம். தன் சொல் என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம். ஒரு பெரியவர் தன் காணிக்கு மின்சார இணைப்புக் கேட்டு மின்சார சபைக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுத வந்தார். நான் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொண்டுவந்து வைத்து நேரமாகிவிட்டது. இவர் அன்று காலையும் சாப்பிடவில்லை. மச்சாள் பெரியவரின் தேவையைக் கேட்டுக் கேட்டு, அதை ஒழுங்கான வசனமாக்கிச் சொல்லச் சொல்ல, இவர் தலை நிமிராமல் அடித்தார். முடிந்தது. மச்சாள் வாங்கி ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தார். பெரியவர் கையெழுத்து வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை அவர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, அந்தக் கந்தோர் ஐயா கேக்கிறார், ஆர் சாப்பிட வேணுமெண்டு."

இவர் வாங்கிப் பார்த்தார். கடைசி வரி இப்படி இருந்தது: "மதிய உணவு ஆறிக்கொண்டிருப்பதால் தாங்கள் மேலும் தாமதியாது சென்று உண்ணுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." மச்சாள் விண்ணப்பத்தோடு சேர்த்து அதையும் சொல்ல, இவர் அடித்திருக்கிறார். என்ன அடித்தோம் என்று பார்க்கவில்லை.

தாளை மச்சாளின் பக்கம் நீட்டினார். நான் இடையில் நின்றேன். வழக்கமாக என் கைக்கு வந்துதான் போகும். மச்சாள் எனக்கு மேலால் கையை நீட்டி அதை வாங்கினார். கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"ஏன், உதிலை எங்கையடா எழுத்துப்பிழை?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"ஒண்டும் இல்லை அக்கா" என்றார் இவர்.

நான் அந்த வரியை எடுத்துவிட்டுப் பெரியவருக்கு வேறு ஒன்று அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன். அன்று பின்னேரம் கடைக்குள் அக்காவும் தம்பியும் பிடித்த சண்டை மீன்சந்தை வரைக்கும் கேட்டதாகச் சனம் சொன்னது. எதற்காகப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை.